86 வயது அம்மாவும் 61 வயது நானும்

2024ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் என் தாயார் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது அவருக்கு வயது 86, எனக்கு 61. மனைவி எங்கள் மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரு சென்றிருந்தார்; மகன் வெளிநாட்டில் இருக்கிறான்; அக்காள் மூட்டுவலியால் படியேற முடியாதவர். ஆகவே அடுத்து வந்த மாதங்களை ஏறக்குறையத் தனியாளாகவே கடக்க வேண்டியிருந்தது. கையிருப்பில் மூன்றரை லட்சம் ரூபாய் கரைந்தது. என் முதுகும் பழைய முதுகாக இல்லை. ஆனால் செலவுக் கணக்கைச் சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. வயதானவர் என்றால் யார், அவருக்கு எதுவரை செய்யலாம், எதற்குமேல் செய்வது வீண் என்பதைப் பற்றி மருத்துவமனை வாசலிலிருந்து எங்கள் வீட்டுக் கூடம் வரை ஆளுக்கொரு முடிவு வைத்திருந்தார்கள். அந்த முடிவுகள் எல்லாம் சொன்னவரின் வயதைப் பொறுத்தே அமைந்திருந்தன என்பதை அருகிலிருந்து பார்த்தேன். இதே நிலைக்கு வரவிருக்கும் அறுபதுக்காரர்கள் பலர் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குத்தாலத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே காவிரிக் கரையில் இருக்கிறது. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அப்பாயி (அப்பாவின் தாயார்) திண்ணையில் அமர்ந்து சிறிய இரும்பு உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். அவர் பிறக்கும்போதே கிழவியாகத்தான் பிறந்திருக்க வேண்டும் என்பதுபோல எங்களுக்கு ஒரு நினைப்பு. இன்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்காது. அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர்; மதகு திறப்பதும் அடைப்பதும் கரை காப்பதும் அவர் வேலை. 1986இல் 58 வயதில் ஓய்வு பெற்று வந்தபோது வீட்டில் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டோம். அப்போதுதான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் சேர்ந்திருந்த எனக்கு 23 வயது. அவருடைய காரியமெல்லாம் முடிந்துவிட்டது என்றே தோன்றியது. அவரோ அந்த நாற்காலியைத் துணி காயப்போடத்தான் பெரிதும் பயன்படுத்தினார். இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்து, மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் தலைமதகு வரை நடந்துபோய் நுரையோடு வரும் முதல் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவார். நாடு விடுதலை பெற்ற காலத்தில் நம் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள்தான், அதனால்தான் 58 கிழவயதாகத் தெரிந்தது என்று சிலர் விளக்குவதுண்டு. அந்தச் சராசரி குறைவாக இருந்ததற்குப் பெரிய காரணம் குழந்தைச் சாவுகள். பிள்ளைப்பருவத்தைத் தாண்டியவர்களில் அறுபது, எழுபது பார்த்தவர்கள் அப்போதும் ஊரில் இருந்தார்கள். 58 எனக்குக் கிழவயதாகத் தெரிந்தது, எனக்கு 23 என்பதால்தான்.

நாற்பதில் எனக்கு வெள்ளெழுத்து வந்தது. பயிர்க்கடன் பேரேட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தேன். சங்கத்தின் மின்விளக்கு மங்கல் என்று சொல்லிக்கொண்டு ஓராண்டுக்கும் மேலாகக் கண்ணாடி போடாமல் தள்ளினேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு பேருந்தில் ஒரு கல்லூரி மாணவன் எழுந்து எனக்கு இடம் கொடுத்தபோது, அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்குபவன் போலும் என்று நினைத்தேன். 2023இல் எங்கள் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. பதினாறு வயது மார்க்கண்டேயனுக்காகச் சிவன் யமனை உதைத்த தலம் என்பதால் அறுபதுக்கும் எழுபதுக்கும் எண்பதுக்கும் அங்கே சாந்தி செய்துகொள்ளத் தம்பதிகள் வந்தபடியே இருப்பார்கள். எங்களுக்கு அடுத்த இடத்தில் சதாபிஷேகம் செய்துகொண்ட தம்பதியைப் பார்த்து, வயதானவர்கள் இவர்கள்தான், நாம் சம்பிரதாயத்துக்காக வந்திருக்கிறோம் என்று தோன்றியது. கலச நீர் ஊற்றி முடிந்ததும் அந்த எண்பது வயதுக்காரர் என்னிடம் தம் அண்ணனைப் பற்றிச் சொன்னார்: “அவருக்குத் தொண்ணூறு ஆயிட்டுது, பாவம், வயசாளி. நம்ம மாதிரி அலைய முடியாதில்ல.” அந்த ‘நம்ம’வில் என்னையும் சேர்த்துக்கொண்டதில் எனக்கு உள்ளூரச் சற்று வருத்தம்.

இது எங்கள் பக்கத்துக் குணம் மட்டும் அன்று. ஜெர்மனியில் ஏறத்தாழ 14,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கேட்டு நடத்திய ஆய்வு ஒன்று 2024இல் வெளியானது. 64 வயதில் கேட்டபோது முதுமை சுமார் 75இல் தொடங்குகிறது என்றவர்கள், 74 வயதில் சுமார் 77இல் என்றார்களாம். நமக்கு நாலைந்து வயது ஏறுவதற்குள் முதுமையின் எல்லை ஓராண்டு நகர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு கோடையிலும் வரப்பை ஒரு மண்வெட்டி அளவு சீவி அடுத்த வயலுக்குள் தள்ளுகிறவரைப்போல நாம் எல்லோரும் இதைச் செய்கிறோம். உற்சாகமாக இருப்பதற்கு இந்த வழக்கம் நல்லதே. ஆனால் கையெழுத்து, வங்கி, கழிப்பறை, காப்பீட்டு அட்டை ஆகிய நான்கும் அந்த எல்லைக்கு அப்பால் உள்ள வேலைகள் என்று ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. எங்கள் வீட்டில் அம்மாவே 86 வயதிலும் அவற்றை அப்படித்தான் ஒதுக்கி வைத்திருந்தார்.

விடியற்காலையில் விழுந்தவரை 108 வண்டியில் மயிலாடுதுறை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். படம் எடுத்துப் பார்த்து, தொடையெலும்பின் கழுத்து முறிந்திருக்கிறது, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அங்கே சிகிச்சைக்குப் பணம் வேண்டாம்; ஆனால் மாத்திரைச் சீட்டுக்கும் ரத்தத்துக்கும் ஓட ஓர் ஆள், கட்டிலருகே இருக்க ஓர் ஆள் என்று இருவராவது வேண்டும். நான் ஒருவன்தான் என்பதால் கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன். வாசலில் நின்ற காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பெரியவரே, பேஷண்டுகூட நிக்க வயசுப்பிள்ளை யாரும் வரலியா?” என்று கேட்டார். அவர் கண்ணுக்கு வண்டியிலிருந்து இறங்கியவர்கள் இரண்டு வயோதிகர்கள். அந்த நிமிடம் வரை அம்மா வயதானவர், நான் அவருடைய பிள்ளை என்ற கணக்கில்தான் நான் இருந்தேன்.

அடுத்த இரண்டு நாட்கள் வீணாயின. பெரியப்பா மகன் வந்து, “86 வயசுல கத்தி வைக்கிறதாவது, கட்டுப் போட்டுப் படுக்க வைப்போம் தம்பி, இன்னும் எத்தனை நாளைக்கு?” என்றார். அவருக்கு வயது 68. தொலைபேசியில் பேசிய முப்பது வயது உறவுக்காரப் பிள்ளைகள் அதையே இன்னும் மென்மையாக, பாட்டியைக் கஷ்டப்படுத்த வேண்டாமே என்றார்கள். மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: கை எலும்பு முறிவையும் இதையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது, இந்த இடம் முறிந்தால் முதியவர்களுக்குத் தானாகக் கூடுவது அரிது, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தால் படுக்கைப் புண், நுரையீரலில் சளி கட்டுதல், காலில் ரத்தம் உறைதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும், அறுவையின் ஆபத்தைவிடப் படுக்கையின் ஆபத்தே பெரிது, உடல் தாங்குமானால் இரண்டு நாட்களுக்குள் செய்துவிடுவது நல்லது. இத்தனை பேர் பேசியும் கட்டிலில் கிடந்தவரை யாரும் கேட்கவில்லை. இரவில் நான் கேட்டேன். “கொல்லைக்குப் போக இன்னொருத்தி கையை எதிர்பார்க்கிறதுக்கு வெட்டியே போடச் சொல்லு தம்பி, நடந்துட்டாப் போதும்” என்றார். மறுநாள் ஒப்பம் இட்டேன். செயற்கை மூட்டு வைத்தார்கள். அறுவையும் அறையும் மருந்துமாக 1,95,000 ரூபாய்.

அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில் மருத்துவக் காப்பீட்டுக்கென்று மாதந்தோறும் பிடித்தம் உண்டு. அந்த அட்டை அவருடைய சுருக்குப்பையில் மடித்துக் கிடந்தது, அவர் தெளிவாகப் பேசத் தொடங்கிய பிறகே தெரியவந்தது. நான் சேர்த்த மருத்துவமனையோ காப்பீட்டுப் பட்டியலிலேயே இல்லை. செலவில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டுக் கருவூலம் வழியாக விண்ணப்பித்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. உங்கள் வீட்டில் ஓய்வூதியர் இருந்தால், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் அருகிலுள்ள இரண்டின் பெயரை இன்றே ஒரு தாளில் எழுதி அட்டையோடு சேர்த்து வையுங்கள். ஓய்வூதியம் இல்லாத வீடு என்றால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு உண்டு. அதற்கான அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

அறுவைக்குப் பிந்திய இரண்டாம் இரவு நான் மறக்க முடியாதது. அம்மா என்னை அப்பா என்று எண்ணிக்கொண்டார். “மதகு சாத்தியாச்சா? தண்ணி ஏறுது, கரை ஒடைஞ்சுடும்” என்று எழுந்து ஓட முயன்றார், ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிந்தார், தடுத்த என் கையைக் கடித்தார். இரவுப் பணியில் இருந்த பெண், வயதானால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். பகல் முழுவதும் தெளிவாகப் பேசிய ஒருவர் ஓரிரவில் இப்படி ஆவது வயதால் எப்படி ஆகும் என்று எனக்கு விளங்கவில்லை; அம்மா போய்விட்டார், உடல்தான் கிடக்கிறது என்று நினைத்து வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். காலையில் மருத்துவர் ரத்தம் பார்க்கச் சொன்னார். சோடியம் மிகக் குறைந்திருந்தது. அதைச் சரிசெய்த சில நாட்களில் அம்மா என்னை என் பெயர் சொல்லி அழைத்தார். முதியவர்களுக்குத் திடீரென்று வரும் மனக்குழப்பத்துக்கு உப்புக் குறைவு, சிறுநீர்த் தொற்று, வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, புது இடம் என்று பல காரணங்கள் உண்டு, பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. “வயசானா இப்படித்தான்” என்று யார் சொன்னாலும் நேற்று இப்படி இல்லையே என்று பதில் சொல்லி, ரத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்காதீர்கள், இரவில் சிறுவிளக்கு எரியட்டும், தெரிந்த முகம் ஒன்று கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. கட்டில், காற்றுப் படுக்கை, துளையிட்ட நாற்காலி, வாக்கர் எல்லாம் சேர்ந்து 26,000 ரூபாய். என் முன்னால் உடை மாற்றிக்கொள்ள அம்மா கூசினார். எனக்கும் கூச்சம்தான், அதை மறைப்பதில் பயனில்லை. வீட்டுத் தாதியரை அனுப்பும் ஒரு முகவர் முன்பணமாக 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிய பெண் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. முகவர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவும் இல்லை, பணத்தைத் தரவும் இல்லை. முன்பணம் கேட்கும் இடத்தில், வந்தவர் நின்றுவிட்டால் எத்தனை நாளில் மாற்றாள் அல்லது பணம் என்பதை எழுதி வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பிறகு எங்கள் தெருவிலேயே ஒரு பெண் மாதம் 12,000 ரூபாய்க்குப் பகலில் வந்து பார்த்துக்கொண்டார். நடவும் களையெடுப்பும் செய்து பழகியவர். எந்தப் பயிற்சியும் இல்லாத அவருடைய கைக்கு அம்மா கட்டுப்பட்டார்.

இரவுகள் என் பொறுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். ஒருநாள் விடியலில் நாற்காலியிலிருந்து அம்மாவைத் தூக்கியபோது என் இடுப்பில் சுளீரென்றது. அடுத்த மூன்று வாரம் பக்கத்துக் கட்டிலில் நானும் படுத்துக் கிடந்தேன். முதுகுத் தட்டு பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள்; படமும் மருந்துமாக 20,000 ரூபாய். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுவந்து தருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தருவார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தால் போதும். வந்த பெண் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு முதலில் எனக்குத்தான் பாடம் எடுத்தார்: “தூக்காதீங்க சார், எழுப்புங்க.” படுத்திருப்பவரை முதலில் பக்கவாட்டில் திருப்பி, காலைக் கீழே தொங்கவிட்டு உட்கார வைக்க வேண்டும், உட்கார்ந்தவரின் பாதங்களை உள்ளிழுத்து, உடம்பை முன்னால் சாய்க்கச் சொன்னால் பாதி எடையை அவரே சுமந்து எழுவார், நாம் முழங்காலை மடக்கி, அவர் இடுப்பில் கட்டிய அகலமான துணிப்பட்டையைப் பிடித்துக்கொண்டால் போதும். அறுபதைக் கடந்தவர்கள் தொண்ணூறை நெருங்குகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் இன்று தெருவுக்கு இரண்டு இருக்கின்றன. மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன் இந்த முறையைச் செய்து காட்டச் சொல்லிக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

நான் படுத்திருந்த நேரத்தில்தான், ஓய்வூதியர் உயிரோடிருப்பதை உறுதிசெய்யும் நேர்காணல் மாதம் வந்து போயிற்று, ஓய்வூதியம் நின்றது. பொதுச் சேவை மையத்துக்காரர் இயந்திரத்தோடு வீட்டுக்கு வந்தார். அம்மாவின் விரல் ரேகையை அது ஏற்கவில்லை. நாற்று நட்டும் சாம்பலால் பாத்திரம் துலக்கியும் தேய்ந்துபோன விரல்கள். இதற்கு வழியில்லை என்று அவர் கைவிரித்தார். வழி இருக்கிறது: 2021 நவம்பர் முதல் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே மின்னணு உயிர்வாழ்வுச் சான்று பெறலாம்; அஞ்சல்காரரும் 70 ரூபாய்க் கட்டணத்தில் வீட்டுக்கு வந்து பதிந்து தருவார். நின்ற தொகை பிறகு மொத்தமாக வந்தது என்றாலும் தாதிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய மாதங்களில் கையில் இல்லை. வங்கியிலும் இதே கதைதான். கணக்கு அம்மா பெயரில் மட்டும், நேரில் வரவேண்டும் என்றார்கள். படுக்கையில் இருப்பவரின் கைரேகையோ கால்விரல் ரேகையோ, வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் முன்னால் எடுக்கப்பட்டால் செல்லும், சாட்சிகளில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அலுவலராக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வகுத்திருக்கிறது; 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே வந்து தர வேண்டும் என்று 2017இலேயே உத்தரவும் இருக்கிறது. நானே கடன் சங்கத்தில் வேலை பார்த்தவன் என்பதால் வாதாட முடிந்தது. எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்தால் வேலை நடக்கிறது, வாயால் கேட்டால் நடப்பதில்லை. ஓய்வூதியக் கணக்கு நீங்கலாக மற்றச் சேமிப்புகளை ‘இருவரில் ஒருவர்’ எடுக்கலாம் என்ற முறைக்கு மாற்றி வைத்துவிடுவது நல்லது. வயதைப் பற்றிய ஒரு சங்கடமும் இதில் வெளிப்பட்டது. 80 நிறைந்தால் ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாக வரும், ஆனால் பிறந்த தேதிக்குச் சான்று வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்த சான்றெல்லாம் 1952 புயலின்போது தமக்குப் பதினாலு வயது என்பதுதான். ஆதார் அட்டையில் யாரோ போட்டுவைத்த தேதி இரண்டு வயதைக் குறைத்திருக்கிறது. பெற்றோருக்கு 75 ஆகும்போதே எல்லா ஆவணங்களிலும் தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மனைவி திரும்பி வந்த பிறகு வீட்டையும் மனையையும் மகன் பெயருக்கு எழுதிவிடலாமா என்று பேச்சு வந்தது. எழுதலாம், ஆனால் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. எனவே அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதச் சொல்ல வேண்டும். பிள்ளை மீது நம்பிக்கையில்லையா என்று பத்திர எழுத்தர் கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லை. நாங்கள் இன்னும் எழுதவில்லை.

அம்மா இப்போது வாக்கரைப் பிடித்துத் திண்ணை வரை நடக்கிறார்; அக்காளைப் பார்த்து, “இந்த வயசுலயே இப்படிக் குந்திட்டியே” என்று கடிந்துகொள்கிறார். கொல்லைக் கோடியில் இருந்த கழிப்பறையை விட்டுவிட்டுப் படுக்கையறைக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று 38,000 ரூபாய்க்குக் கட்டினோம். நாற்காலி போன்ற உயரமான இருக்கை, சொரசொரப்பான தரை, படியில்லாத வாசல், வெளியே திறக்கும் கதவு, இரவு முழுவதும் எரியும் சிறுவிளக்கு ஆகியவை அவசியம். கதவு உட்புறம் திறந்தால் உள்ளே விழுந்தவரே அதை அடைத்துக்கொள்வார். கைப்பிடிக் கம்பியைத் துண்டு போடும் கம்பி என்று எண்ணி சுவரில் பதித்த ஓட்டின் மேலேயே திருகிவிடுவார்கள். செங்கல்லுக்குள் இறங்கும் ஆணியாகப் போடச் சொல்லி, முழு எடையையும் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே கூலி கொடுங்கள். உயரம் ஆளுக்கு ஆள் மாறும்: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் இடம் சரியாக இருக்கும். அம்மா குள்ளம் என்பதால் அவருக்கு ஒரு கம்பியும், அதற்கு மேலே ஒரு சாண் தள்ளி என் அளவுக்கு ஒரு கம்பியும் போட்டிருக்கிறோம். இரண்டாவது இப்போது எதற்கு என்று மனைவி கேட்டார். கொத்தனார் வந்திருக்கும்போதே போட்டால் 900 ரூபாய், பிறகு ஓட்டை உடைத்துப் போட்டால் மூவாயிரம் என்று கணக்கைச் சொன்னேன்.